எங்கள் தெருவுக்கு வந்த பாரிஷ் கவுன்சில்

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் தெருவுக்கு சுயராஜ்யம் வந்தது. தேசத்துக்கு அது வர இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை போகும் வழியில் இருந்த எங்கள் தெருவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

கொண்டுவந்தவர் எதிர்வீட்டு மாமா. ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் இருந்தபோது பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஒரு கிராமத்தில், ஒரு விதவையம்மாள் வீட்டில் எட்டு மாதம் தங்கியிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் லண்டன் மாமா. "லண்டன் இல்லை, கிராமம்" என்று சில வருஷங்கள் திருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார்.

அந்த வருஷம் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. முனையில் தையல் கடை வைத்திருந்த பாய் மட்டும் அவ்வப்போது ஒரு மூங்கில் கழியால் குத்திவிடுவார். இரண்டு நாள் ஓடும், மறுபடி நிற்கும். கார்ப்பரேஷனுக்கு மனு போட்டோம். பதில் இல்லை. அப்போதுதான் மாமா எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து உபதேசம் செய்தார்.

"அங்கே ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பாரிஷ் கவுன்சில் உண்டு. ஊர்க்காரா கையைத் தூக்கித் தேர்ந்தெடுப்பா. சம்பளம் கிடையாது. நடைபாதை, விளக்கு, குளம், இடுகாடு, வழிப்போக்கன் உக்கார பெஞ்சு, எல்லாம் அவா பொறுப்பு. பெரிய சர்க்கார் கண்ணுக்குத் தெரியாத சின்ன விஷயத்தையெல்லாம் அவா பாத்துப்பா."

என் அண்ணா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது அவர் தொழில். "பாரிஷ்னா மாதாகோவில் சமாசாரமாச்சே, மாமா. நம்மளைக் கிறிஸ்துவ வேதத்துல சேத்துட மாட்டாளே?"

"பேர்தான் அப்படி. சாமிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

மறு ஞாயிற்றுக்கிழமை மாமா ஆத்துக் கூடத்தில் தேர்தல். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் மட்டுமே நிற்கலாம் என்று முதலிலேயே முடிவாயிற்று. அப்படி ஒன்பது பேர். இரண்டு பேர் ஊரில் இல்லை. மாமாவும் என் அண்ணாவும் உட்பட மிச்சமிருந்த ஏழு பேர், இருந்த ஏழு இடங்களுக்கும், மக்களின் ஏகோபித்த ஆதரவோடு தேர்வானார்கள். மக்கள் என்றால் அவர்களேதான். மூன்று தலைமுறையாக அந்தத் தெருவில் இருந்த பாய் வாடகைக்காரர் என்பதால் சேரவில்லை. சாக்கடையைக் குத்துவதற்குச் சொந்த வீடு தேவையில்லை என்பதால் அந்த உரிமை மட்டும் அவரிடமே இருந்தது.

எழுதுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர், கல்யாணமாகாமல் அண்ணா வீட்டில் இருந்தேன், இங்கிலீஷ் கையெழுத்து நன்றாக இருக்கும். என்னை கவுன்சில் கிளார்க் ஆக்கினார்கள். ஓட்டு கிடையாது. ஊஞ்சல் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்பை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

முதல் கூட்டத்தில் சாக்கடை. ஆனால் சாக்கடை கார்ப்பரேஷனைச் சேர்ந்தது. "இங்கிலாந்துலேயும் பாரிஷ் கவுன்சில் அதைத் தொட முடியாது. மேலே எழுதத்தான் முடியும்" என்றார் மாமா. மேலே எழுதுவதென்று தீர்மானமாயிற்று. நான் எழுதினேன். எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்ன என்று தேடிப் பார்த்ததில் பெஞ்சு ஒன்றுதான் அகப்பட்டது. நடைபாதையும் விளக்கும் கார்ப்பரேஷன் கையில். தெருவில் குளமும் இல்லை, இடுகாடும் இல்லை.

பெஞ்சு எங்கே என்பதில் நான்கு கூட்டங்கள் போயின. தெருவுக்குப் பெஞ்சு அவசியம் என்பதில் ஏழு பேரும் ஒரே மனது. தன் வாசலில் கூடாது என்பதிலும் அப்படியே. நான்காவது கூட்டத்துக்குப் பெண்ணின் சீமந்தத்தால் ஒரு மெம்பர் வரவில்லை. அவர் வாசலில் போடுவதென்று ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

பச்சை வர்ணம் அடித்த பெஞ்சு வந்தது. அதில் முதலில் உட்கார்ந்தது மெம்பர் யாரும் இல்லை. குப்பத்திலிருந்து ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குக் கூடை சுமந்து போகிற மீன்காரம்மா. தினமும் காலையில் கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். சாக்கடைக்காக அப்படி ஒன்று போட்டதில்லை.

"ஆத்து வாசல்ல மீன் கூடை. மனுஷா எப்படி சாப்பிடறது?" என்றார் வாசல்காரர்.

"சாக்கடை நாத்தத்துல மட்டும் சாப்பிடறேளே" என்றார் மாமா. "நான் இருந்த ஊர்ல அந்தப் பெஞ்சு யார் வேணும்னாலும் உக்காரத்தான். அசந்துபோனவாளுக்குன்னுதான் போட்டது. நானே உக்காந்திருக்கேன். கறுப்பா இருக்கான்னு யாரும் எழுப்பலை."

மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். பெஞ்சு, வரி செலுத்துவோருக்கு மட்டும் என்று, ஆறுக்கு ஒன்று. என் அண்ணா கைதான் முதலில் உயர்ந்தது. இங்கிலீஷில் ஒரு பலகையும் மாட்டினார்கள். மீன்காரம்மாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது.

விஷயத்தை அவளிடம் சொல்லும் பொறுப்பு கிளார்க்குக்கு வந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்றேன்.

"இன்னா டீச்சரம்மா, பலகையில இன்னா எழுதிக்கீது?"

"வரி கட்டறவங்கதான் உக்காரணுமாம்."

அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, கசங்கிய சீட்டு ஒன்றை நீட்டினாள். "நான் கட்டலியா? மார்க்கெட்டுல கூடைய எறக்கவே தெனம் சீட்டு கிழிக்கிறான். இவுங்க தெனம் கட்றாங்களா? கேட்டு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவுன்சில் கூடி முடிவு செய்தது என்று விளக்கினேன்.

"எங்க குப்பத்துலயும் பஞ்சாயத்து கீது. அவுங்க வேணாம்னா ஒரு கட்டுமரம் எறங்காது."

"அதுல பொம்பளைங்க பேசலாமா?"

"உள்ளயா? வெளிய நின்னுகினு கத்தலாம். நீயாச்சும் உள்ள குந்திகினு எழுதற. குடுத்து வெச்சவ."

அவள் கேலி செய்தாளா என்று தெரியவில்லை. அன்றைக்குப் பூராவும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும், அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி, அவசரக் கூட்டத்தில் நடந்ததை எழுத மினிட்ஸ் புஸ்தகத்தைத் திறந்தேன். "அசதியாக இருக்கும் எவரும் பெஞ்சில் உட்காரலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று அழகான இங்கிலீஷில் எழுதினேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல மினிட்ஸை உரக்கப் படித்தேன். அதே நேரத்தில்தான் வழக்கம்போல காபியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எங்கள் மெம்பர்கள் எதைக் கவனிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாமா மட்டும் டம்ளரைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார்.

"குறிப்பு சரியா இருக்குன்னு நெனைக்கறவா கையைத் தூக்குங்கோ."

ஏழு கைகளும் உயர்ந்தன. சிலவற்றில் டம்ளர் இருந்தது. தலைவர் என்ற முறையில் மாமா கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பலகையால் மீன்காரம்மாவுக்கு ஒரு சௌகரியம் உண்டாயிற்று. தினமும் வந்து உட்கார்ந்து, சும்மாட்டுத் துணியை அதன்மேல் காயப்போட்டுக்கொண்டாள். பொறுக்க முடியாமல் வாசல்காரர் போலீஸுக்கு எழுதப் போவதாக என் அண்ணாவிடம் வந்தார். "தீர்மானத்தோட நகல் இருந்தா கேஸ் பலமாயிடும்" என்று அண்ணா குமாஸ்தா தோரணையில் புஸ்தகத்தைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நின்றார்.

"என்னடி எழுதி வெச்சிருக்கே?"

"நீங்க கையைத் தூக்கினதைத்தான்."

மறுபடி அவசரக் கூட்டம். கூடத்தில் ஒரே கூச்சல். கிளார்க்கை நீக்கு என்றார் ஒருவர். பெண்டுகளை உள்ளே விட்டதே தப்பு என்றார் இன்னொருவர். மாமா மேஜையைத் தட்டினார்.

"அவ உரக்கப் படிச்சா. ஏழு பேரும் ஒத்துண்டோம். உறுதி பண்ணின குறிப்பைத் திருத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. அங்கே அதுதான் சட்டம்."

அந்த ஊரில் அப்படி ஒரு சட்டம் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இங்கிலாந்து போய் வந்தவர் ஒருவர்தான் இருந்தார். அண்ணா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரம் மன்னி என் சாதத்தில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி நெய் அதிகமாகவே விட்டாள்.

கவுன்சிலின் பதினோராவது கடிதத்துக்குக் கார்ப்பரேஷனிலிருந்து பதில் வந்தது. பெரிய சர்க்காருக்குக் கண் தெரியாது என்று மாமா சொன்னது தப்பு. சாக்கடையைப் பார்க்க வந்த மேஸ்திரி பெஞ்சைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நடைபாதையை ஆக்கிரமித்திருக்கும் பெஞ்சை உடனே அகற்ற வேண்டும் என்று உத்தரவு. சாக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறு பேருக்கும் பரம திருப்தி. பெஞ்சு போனபின் தீர்மானிக்க ஒன்றும் இல்லாததால் கூட்டங்களும் நின்றன.

மாமாவும் பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெஞ்சை மாமா வீட்டுக் காம்பவுண்டுக்குள், வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பியபோது மீன்காரம்மா கூடையோடு தெருவில் நின்று பெஞ்சு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு, "இங்கே இருக்கும்மா, உள்ளே வா" என்று கூப்பிட்டார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே போனாள். மாமி ஒரு சொம்பில் மோர் கொண்டு வந்து, தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணமாகி சைதாப்பேட்டைக்குக் குடிபோனேன். சாக்கடையை எப்போது தோண்டினார்கள், யார் எழுதித் தோண்டினார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை.