ஈரம் காயாத கோடு

ஏற்றுமதி சூடுபிடித்த காலம். ஆந்திர எல்லையிலுள்ள குப்பம் ஊரில் எங்கள் கிரானைட் பட்டறையிலிருந்து நல்ல பலகைகளெல்லாம் வெளிநாட்டுக் கல்லறைகளுக்குக் கப்பலேறின. போரில் இறந்த எங்கள் பக்கத்துச் சிப்பாய்களின் நினைவுக்கல்லுக்கு, கழித்துப்போட்டதில் ஒன்றை எடுத்து மெருகேற்றினேன். இலவசமாகக் கொடுப்பதுதானே என்ற திமிர் எனக்கு.

திறப்புவிழாவில், ஒரு சிப்பாயின் அப்பா மாலை போடுமுன் கல்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அபிஷேகம் என்று நினைத்து அதிகாரிகள் கைகூப்பினார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. அவர் குவாரியில் கல்லின் தரம் பார்த்தவர். விரிசல் இருந்தால் அந்த இடம் கடைசியில்தான் காயும்.

வெயிலில் கல் முழுதும் காய்ந்தது. அவர் மகன் பெயரின் குறுக்கே ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றது.

அவர் என்னிடம் வந்தார்.

"இந்தக் கல்லக் கப்பல்ல ஏத்தியிருப்பியா, நைனா?"