ஸ்டெல்லா செய்த மெழுகு என்சைம்

உருகிய மெழுகு வாசனை வந்தாலே எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்தான் ஞாபகம் வரும்...

முதல் வேலை. கல்லூரி லேப்களுக்கு டி.என்.ஏ-வை வெட்டும் என்சைம் தயாரிக்கிற சின்ன கம்பெனி. நானும் ஆவடி ஸ்டெல்லாவும் டிரெய்னி. நாங்களே முதன்முதலாகத் தயாரித்த என்சைமுக்கு அன்று சாயங்காலம் டெஸ்ட். அது வெட்டினால் வேலை நிரந்தரம். வெட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மதியம் பார்த்து கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர். சூடு பட்டால் என்சைம் கெட்டுவிடும் என்று டியூபை ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பெட்டிக்கு மாற்றி, அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தோம். ஃபேன் நின்ற அறையில் வெயில் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது...

என் பயத்தைப் போக்க, ஸ்டெல்லா ஒரு மெழுகுவத்தியைத் திரியோடு இரண்டாக உடைத்தாள். உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் செய்தாள். இரண்டையும் சேர்த்து, நடுவில் டி.என்.ஏ மாதிரி முறுக்கிய இரட்டை நூலை விட்டாள்.

"இன்னா பாக்குற? இதான்டி நம்ம என்சைம். ரெண்டும் ஒரே மாதிரி கீதா? நூலை ரெண்டு பக்கமும் கட்டிப் புடிச்சிகினு, ஆளுக்கு ஒரு இழைய வெட்டும். ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் கிழிக்காது."

நூலை உருவிவிட்டு அதை ஜன்னலில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வெயில் பட்டுப் பள்ளம் மூடிக்கொண்டது. மறுபடி விட்டுப் பார்த்தால் நூல் உள்ளே போகவில்லை. மெழுகு அதே மெழுகுதான்... உருவம் போனதும் வேலையும் போச்சு.

இருவரும் ஐஸ் பெட்டியைப் பார்த்தோம். ஸ்டெல்லா எனக்கும் சேர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கரண்ட் வந்ததும் டெஸ்ட். வெட்டியிருந்தால் டி.என்.ஏ இரண்டு கோடாகத் தெரியும். விளக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் மின்னியது... இரண்டு கோடு! கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடி வந்தார். மெழுகை மறுபடி பிசைந்து சரிசெய்து, ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொண்டோம்.

இப்போது என் மகள் இதே என்சைமின் முப்பரிமாணப் படத்தை போனில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறாள். நான் குடியிருப்பது பாடியில், ஸ்டெல்லா வானகரத்தில். பக்கம்தான். பார்த்து வருஷக்கணக்காகிறது.

நேற்று டிராயரில் என் பாதி கிடைத்தது. நூலை வைத்துப் பார்த்தேன். நழுவி விழுந்தது. உடனே அவளுக்கு போன் போட்டேன்.

"அய்யோ, அதுவாடி? மழையில ஊட்ல கரண்ட் இல்ல... கொளுத்திட்டேன்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் குரலும் கொஞ்சம் இறங்கியது.

"ஞாயித்துக்கெழம வா. எம் பாதிய புச்சா செஞ்சி வெக்கிறேன். உன்னுத வெயில்ல காட்டாம எடுத்துகினு வா, இன்னா?"

பிரெண்ட்ஸ், யாரிடமாவது சின்ன ஐஸ் பெட்டி இருக்கிறதா?