கல்வெட்டில் விடுபட்ட பிள்ளை

என் அலுவலக அலுமாரியில் மருத்துவச் சஞ்சிகைகளைவிடக் கல்வெட்டுகள்தான் அதிகம். கல்லில் வெட்டியவை அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகங்கள். முதலில் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் வம்சாவளி. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் நான் செத்தவீடு செத்தவீடாகத் திரிவதாகப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். பிள்ளைகளின் இதயத் துடிப்புக் கோளாறுகளை ஆராய்கிற எனக்கு இதைவிட நல்ல ஆவணம் எங்கே கிடைக்கும்? மூன்று தலைமுறை, யார் யாரைக் கட்டினார்கள், யார் முன்பே காலமானார்கள், எல்லாம் அச்சில் இருக்கும்.

நான் தேடும் கோளாறு குடும்பத்தில் இறங்கி வருவது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராக ஒரு சிறு நேரம் எடுக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த நேரம் அளவுக்கு மிஞ்சி நீளும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போதோ நீந்தும்போதோ துடிப்புத் தாறுமாறாகிப் பிள்ளை விழும். பெரும்பாலும் தானே எழும்பும், சில வேளை எழும்பாது. கை கால் இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து வலிப்பு மருந்து கொடுத்துவிடுவார்கள். சரியான மாத்திரை எங்கள் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அது யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சாவகச்சேரிப் பக்கத்தில் வயல் செய்கிற கமக்காரக் குடும்பத்திலிருந்து பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி தாயோடு என்னிடம் வந்தாள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகும்போது இரண்டு தரம் விழுந்திருக்கிறாள். ஒரு வருடமாக வலிப்பு மருந்து குடிக்கிறாள். ஈ.சி.ஜி. எடுத்தோம். மெஷின் தன் பாட்டில் 'சாதாரணம்' என்று அச்சடித்துத் தந்தது. இந்த விஷயத்தில் நான் மெஷினை நம்புவதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கணிதப் பெட்டியிலிருக்கும் கவராயத்தை வைத்து நானே அளப்பேன். அளந்தேன். எல்லைக்கோட்டில் நின்றது, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

இப்படியான வேளையில் குடும்பக் கதைதான் தீர்ப்புச் சொல்லும். மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் வெளிநாடு போய் முடிவு வர மாதக்கணக்காகும். அதற்குள் இந்தப் பிள்ளை எந்த மைதானத்தில் விழுவாளோ, யாருக்குத் தெரியும்? வலிப்பு மருந்தைச் சந்தேகத்தில் நிறுத்துவதும் ஆபத்து. தாயிடம் கேட்டேன், சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் குடும்பத்தில் உண்டா என்று.

"எங்கடை ஆக்களிலை அப்பிடி ஒருத்தருமில்லை, டொக்டர்."

தகப்பனுக்கு ஈ.சி.ஜி. எடுத்தோம், பிழையில்லை. தாய் மட்டும் "எனக்கென்ன வருத்தம்? பிறகு பாப்பம்" என்று இரண்டு தரம் தட்டிக் கழித்தார். மூன்றாம் தரம் வரும்போது அவருடைய தகப்பனின் கல்வெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். அதுவும் மனமில்லாமல்.

வம்சாவளியைப் பார்த்தேன். நான்கு பிள்ளைகள், நாலு பேரும் உயிரோடு. மூடி வைக்கப் போனவள், பழக்கதோஷத்தில் மக்கள் புலம்பலையும் வாசித்தேன். நடுவில் ஒரு வரியில் 'ஐவரைத் தோளில் சுமந்த அப்பா' என்றிருந்தது.

"இதிலை ஐஞ்சு பேர் எண்டு கிடக்கு. மற்றப் பிள்ளை எங்கை?"

"உது பாட்டுக்காக எழுதினது, டொக்டர். புலவருக்கு அப்பிடித்தான் வந்திருக்கும்."

புலவர்களை எனக்குத் தெரியும். என் அலுமாரியில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் கொடைவள்ளல்கள், பெண்கள் அத்தனை பேரும் அடக்கத்தின் உருவம். அதெல்லாம் அவர்கள் தாராளமாக அள்ளி விடுவார்கள். பிள்ளைகளின் தொகையில் மட்டும் கை வைக்க மாட்டார்கள், கிரியை நாளில் அதைப் பாடும்போது சபையில் இருந்து கேட்கிற சொந்தக்காரர் சும்மா விட மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவருக்குக் கலியாண வயதில் மூத்த மகள் இருப்பது எனக்குத் தெரியும். குடும்பத்தில் வருத்தம் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் குழம்பும் என்று மறைக்கிற தாய்மாரை நான் நிறையப் பார்த்தவள். வாயை அடக்கவில்லை.

"மூத்தவவின்ரை கலியாணத்துக்காக இளையவவைச் சாகக் குடுக்கப் போறியளோ?"

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. மகளை வெளியே தாதியோடு இருக்கச் சொல்லி அனுப்பினார். கதவு சாத்தியதும் சொன்னார்.

"தம்பி ஒருத்தன் இருந்தவன். ஒன்பது வயது. எனக்கு அப்ப பன்ரண்டு. கோயில் கேணியிலை குளிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். படியிலை நிண்டவனை நான் பகிடிக்குத் தள்ளினனான். சிரிச்சுக்கொண்டுதான் விழுந்தவன். என்னைவிட நல்லா நீந்துவான், டொக்டர். ரெண்டு கை போட்டான், பிறகு அசையேல்லை. விளையாடுறான் எண்டு நான் கரையிலை நிண்டு சிரிச்சனான்."

பிறகு, "அம்மா என்னை ஒரு சொல்லுக்கூட ஏசேல்லை. அவன்ரை பேரையும் பிறகு சொன்னதில்லை. கல்வெட்டிலையும் போடவேண்டாம் எண்டது அவதான். நான்தான் அவனைச் சாக்காட்டினனான் எண்டு எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் தெரியும், டொக்டர். ஒருத்தரும் சொல்லுறேல்லை" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருட அனுபவத்தில் தாய்மாரின் முகம் பார்த்தே காரணம் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தவள் நான். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் என் மூளை அதற்குள் வேறு பக்கம் ஓடத் தொடங்கிவிட்டது. நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை. தண்ணீரில் விழுந்து, இரண்டு கை வீசி, அப்படியே அசைவற்றுப் போயிருக்கிறான். தத்தளிக்கவில்லை, தண்ணீர் குடித்துத் திணறவில்லை. இந்தக் கதையை வேறு ஊர்களில், வேறு வாய்களில் நான் கேட்டிருக்கிறேன்.

"கட்டிலிலை படுங்கோ" என்றேன். இந்தத் தரம் அவர் மறுக்கவில்லை.

காகிதம் வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது. கவராயம் தேவைப்படவில்லை, ஆனாலும் மூன்று இடத்தில் வைத்து அளந்தேன். மகளுடையதைவிட நீளம். வாழ்க்கையில் ஒரு நாளும் மயங்கி விழாத பெண், தன் தம்பியின் இதயத்தையே தானும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நாற்பது வயது வரை நடந்து திரிந்திருக்கிறார்.

படம் கீறி விளங்கப்படுத்தினேன். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அவருக்கும் தம்பிக்கும் வந்திருக்கிறது, அவரிடமிருந்து சின்ன மகளுக்குப் போயிருக்கிறது. பயப்படுவார் என்று நினைத்து ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்கும் இருக்கோ?" என்று கேட்டார். கேட்ட விதம், பிள்ளை சோதனை பாஸ் என்று கேள்விப்பட்ட தாயின் குரல். "உண்மையாவோ, டொக்டர்? எனக்கும் அதே வருத்தமோ?"

"ஓம்."

கட்டிலில் இருந்தபடியே அழுதார். பிறகு, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"நான் தள்ளினபடியாலைதானே இதயம் நிண்டது?"

"அவன் தானாக் குதிச்சிருந்தாலும் உதுதான் நடந்திருக்கும். அண்டைக்கு இல்லாட்டி இன்னொரு நாள். அண்டைக்கு உங்களை அவன் தள்ளியிருந்தா, இப்ப இந்தக் கட்டிலிலை அவன் இருந்திருப்பான்."

பிள்ளைக்கு அன்றே மாத்திரை தொடங்கினோம். தாய்க்கும் அதே மாத்திரை. வலிப்பு மருந்தை நரம்பு வைத்தியரோடு பேசிப் படிப்படியாகக் குறைத்தோம். ஓட்டமும் நீச்சலும் இனி இல்லை என்றதற்குப் பிள்ளை ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாளாம், அவ்வளவுதான். மூத்த மகளின் ஈ.சி.ஜி.யில் ஒரு பிழையும் இல்லை. இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், அதில் எனக்கு ஐமிச்சமே இல்லை.

அடுத்த மாதம் தாய் தனியாக வந்தார்.

"ஒரு கடிதம் எழுதித் தருவியளோ? அம்மா எங்களோடைதான் இருக்கிறா. நான் வாயாலை சொன்னா, தப்பிறதுக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பா."

இறந்தவருக்கு ஈ.சி.ஜி. எடுக்க முடியாது. ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு மரணத்தைப் பற்றி நான் எழுதுவதானால் ஒவ்வொரு வரியிலும் 'இருக்கலாம்', 'கூடும்' என்று போட்டுத்தான் எழுதுவேன். அந்தக் கடிதத்தில் போடவில்லை. சிறுவன் இறந்தது இதயக் கோளாற்றினால், வேறு எவராலும் அல்ல, இது என் தீர்மானம் என்று எழுதினேன். அதை யார் முன்னாலும் நின்று சொல்வேன்.

"தம்பியின்ரை பேரைச் சொல்லுங்கோ, மேலை போடவேணும்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நான் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாம் தரம் சொன்னார், முதலெழுத்தோடு, முழுப் பெயராக. பிறகு நான் கேட்காமலே இன்னொரு தரம் சொன்னார்.