கடைசியாக மாற்றிப் பார்த்தது

என் அக்கா வீட்டுக்காரரின் சொந்தப் பேர் எங்கள் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. 'சிக்னல் மாமா' என்றால்தான் தெரியும். யார் வீட்டில் இன்டர்நெட் படுத்துக்கொண்டாலும் கம்பெனிச் சட்டையும் தோளில் பையுமாக அவர்தான் போய் நிற்பார், வாயில் ஒரு திட்டோடு. வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, சிக்னல் வரவில்லை என்று புகார் செய்த வாத்தியாரிடம், உங்களை உள்ளே வைத்துப் பூட்டினால் பாடம் நடத்துவீர்களா என்று கேட்ட ஆள்.

அவர் வேலைக்கு ஒரே சட்டம்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் ஒயர். சரியாகவில்லையா, அடுத்தது அடாப்டர். அப்புறம் வைஃபை அலை போகிற சேனல், அப்புறம் பெட்டி, கடைசியில் பெட்டி இருக்கும் இடம். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் கோளாறு போய்விடும், எது கோளாறு என்று மட்டும் சாகும்வரை தெரியாது என்பார். ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் ஆனாலும் அவசரப்பட மாட்டார்.

இவ்வளவு பொறுமைசாலி சொந்த வீட்டில் ஒரே ஒரு நாள் வாயை விட்டார். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, இனி இந்த வாசலை மிதிக்காதே, உன் குரல்கூட என் காதில் விழக் கூடாது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுத்திருக்கலாம். மாமாவின் கோபத்துக்குப் பயந்து மரமாக நின்றேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவள் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும் அக்காவை வீடியோவில் கூப்பிடுவாள். மாமா ஒன்றும் தெரியாதவர் போல உள் அறையில் பேப்பர் படிப்பார். அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு அந்தப் பேப்பர் வெறும் சாக்கு. தண்ணீர் குடிக்க, கண்ணாடி தேட என்று ஹாலுக்கு வந்துவிடுவார். அவர் வந்த கொஞ்ச நேரத்தில், "சத்தம் விட்டு விட்டு வருதும்மா, நெட் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று மகள் வைத்துவிடுவாள். வாரா வாரம் இதே கதை.

ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்கிறவன் வீட்டில் சிக்னல் இல்லையா என்று மாமா குதித்தார். ஆனால் அவருக்கு வேண்டியது சிக்னல் இல்லை. பேரப்பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும், மகள் பேசுவதைக் காதால் கேட்க வேண்டும். வாயைத் திறந்து கேட்க ரோஷம் விடவில்லை. நெட் ஒழுங்காக இருந்தால் ஹாலைக் கடக்கிற சாக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

முதல் வாரம் ஒயரை மாற்றினார். மகள் வைத்துவிட்டாள். இரண்டாம் வாரம் அடாப்டர். மூன்றாம் வாரம் சேனல். நான்காம் வாரம் புதுப் பெட்டியே வந்தது. ஐந்தாம் வாரம் அதை ஹால் சுவரில் உயரமாக மாட்டி, என்னைப் போனும் கையுமாக அறை அறையாக நடக்க விட்டார். குளியலறையில்கூட சிக்னல் முழுசாக இருந்தது. அன்றும் அவர் தண்ணீர் எடுக்க வந்தார், அன்றும் மகள் நெட் சரியில்லை என்று வைத்தாள்.

லைன் எப்போதெல்லாம் அறுந்தது என்று காட்டும் பெட்டியின் பதிவை மாமா போனில் திறந்து பார்த்தார். மாட்டிய நாள் முதல் லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை. அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எல்லாம் மாற்றியாயிற்று, இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நாலே முக்காலுக்குப் பையை மாட்டிக்கொண்டு, அவசரப் புகார் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் குடியிருப்பது மாடியில். ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கினால், மாமா அவர் வீட்டு வாசலுக்கு எதிரே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், பையை மடியில் வைத்துக்கொண்டு. சாத்தின கதவுக்குப் பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. மகள் ஏதோ சொல்கிறாள், குழந்தை நடுவில் கத்துகிறது.

மாமா கைக்கடிகாரத்தைக் காட்டினார். "நாப்பத்தஞ்சு நிமிஷம் மாப்ள. ஒருதரம்கூட கட் ஆகல. கோளாறு நான்தான்."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே போய் மன்னிச்சுக்கோம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிப் போகும் என்று கேட்டேன்.

"ஓடிக்கிட்டு இருக்கிற லைன்ல கை வைக்கக் கூடாது மாப்ள" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கதவுப் பக்கம் காதைக் கொடுத்தார்.

இப்போது ஞாயிறு தவறாமல் அவசரப் புகார் வருகிறது. எந்த வீட்டுக்கு என்று அக்கா கேட்பதில்லை. போன வாரம் மகள்தான் கேட்டாளாம், இப்போதெல்லாம் நெட் நன்றாக இருக்கிறதே, என்ன செய்தீர்கள் என்று.

அக்கா சொன்னாளாம்: "உங்க அப்பாதான் சரி பண்ணாரு. வெளியில படியில உக்காந்திருக்காரு."

அதைக் கேட்ட பிறகும் நெட் சரியில்லை என்று சொல்லி அவள் வைக்கவில்லை.