ரத்தம் கொடுக்கப் போன காலை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பரீட்சைக் காலம் மாதிரிதான். ஒரு வாரத்துக்கு முன்பே என் மனைவி சோற்றைக் குறைத்துவிடுவாள். ரத்தம் கொடுத்துவிட்டு வரும் வழியிலேயே ஜாங்கிரி வாங்கச் சொல்வாள். யாரை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று காலை கிளம்பும்போதே, "ஒரு வாய் காபி குடிச்சிக்கட்டுமா? என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

"வெறும் வயித்துலதான் ரத்தம் குடுக்கணும். ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா?" என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டேன்.

முத்தியால்பேட்டையில் நாங்கள் வழக்கமாகப் போகும் லேபில் ஏழு மணிக்கே கூட்டம். எங்களுக்கு முன்னால் பதினாலு பேர். நாற்காலியில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வியர்த்தது. கையைத் தொட்டேன், ஜில்லிட்டு நடுங்கியது. என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"தட்டாஞ்சாவடி பஸ்சு போயிடுச்சா?" என்றாள்.

அவள் தட்டாஞ்சாவடி கம்பெனி வேலைக்குப் போனது கல்யாணத்துக்கு முன்பு. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள், ஆனால் நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன்.

ரத்தம் எடுக்கும் பெண் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தாள். "சுகர் முப்பத்தாறுதான் இருக்கு சார். நேத்து எத்தினி மாத்திர போட்டாங்க?"

ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னேன். மனைவியின் கைப்பையைத் திறந்து பார்த்தால், முந்தின நாள் மாலை நான் வாங்கிக் கொடுத்த புது மாத்திரை அட்டையில் நான்கு குழிகள் காலி. பரிசோதனையில் சர்க்கரை குறைவாகக் காட்ட வேண்டுமென்று நான்கையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாள்.

குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் என்னை அடையாளம் தெரிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றாள். நானும் எழுந்துவிட்டேன்.

"வேணாம் சார். மாத்திர உடம்புல இருக்கற வரைக்கும் சுகர் திரும்பத் திரும்ப இறங்கும். தூக்கத்துல இறங்குச்சின்னா எழுப்பவே முடியாது" என்றாள் அந்தப் பெண்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும்வரை மனைவியைக் கண் மூட விடவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே போனேன். அங்கே டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, மத்தியானம் மறுபடி ஐம்பதுக்குக் கீழே இறங்கியது. காலையில் அந்தப் பெண் தடுக்காமல் விட்டிருந்தால் இந்நேரம் வீட்டில் படுக்க வைத்து, தூங்கட்டும் என்று கதவைச் சாத்தியிருப்பேன்.

மறுநாள்தான் ஆபத்து நீங்கியது என்றார்கள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் திட்டுவாருன்னு பயந்தா நாலு மாத்திரய முழுங்குவ?" என்று கேட்டேன்.

"அவரு எங்க திட்றாரு" என்றாள். "போன தடவ முந்நூறு காட்டினதுக்கு நீங்கதான் பத்து நாளு எங்கிட்ட பேசல."