மெர்லின் போடாத ஊசி

ஆரல்வாய்மொழியில் பேருந்து நின்றிருந்தபோது செவிலியர் ரோஸ்லினிடமிருந்து போன் வந்தது. "சார், நம்ம மெர்லின் டாக்டர் போயிட்டாங்க." "வீட்டுக்கா?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகைதான் கேட்டது. காலையில் குளியலறையில் விழுந்திருக்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டு வரும்போதே நாடி இல்லை. நாற்பத்தாறு வயது.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நானும் அவரும் மருத்துவர்களாக எட்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவரை அறிந்தவர்கள் அவர் ஊசி போட்டதைவிடப் போட மறுத்ததைத்தான் அதிகம் சொல்வார்கள்.

ஒருநாள் மயிலாடியிலிருந்து பாம்பு கடித்த ஒரு சிற்பியைத் தூக்கி வந்தார்கள். மெர்லின் ஒரு கண்ணாடிக் குழாயில் சிற்பியின் ரத்தத்தை எடுத்து, அசையாமல் நிறுத்தி வைத்தார். இருபது நிமிடத்தில் உறைந்தால், ரத்தத்தில் விஷம் ஏறியதற்கு அப்போதைக்கு அறிகுறி இல்லை. விஷமுறிவு மருந்தே சிலருக்கு உயிராபத்தாகிவிடும்.

"சும்மா பாத்துகிட்டே இருக்கியளே!" என்று சிற்பியின் மனைவி கத்தினார்.

"சும்மா இல்லம்மா. இந்தக் குழாய் பதில் சொல்லணும். நானும் இங்கதான் இருப்பேன்."

விஷம் நரம்பைத் தாக்கினால் இமை சரியும்; கடிபட்டவரின் இமை சரிகிறதா என்று பார்த்தபடி அந்த அம்மாவின் பக்கத்திலேயே நின்றார். ரத்தம் உறைந்தது. மறுபடி மறுபடி சோதித்தபோதும் உறைந்தது. மறுநாள் சிற்பி நடந்தே வீட்டுக்குப் போனார். நானாக இருந்தால் அந்தக் கத்தலுக்கே மருந்தை ஏற்றியிருப்பேன். அதைச் சொன்னபோது மெர்லின், "நம்ம பயத்துக்கு அவங்க உடம்புலயா ஊசி போடுறது?" என்றார்.

பிறகு ஒரு காலை ஏழு மணிக்கு அவருடைய அப்பாவையே கொண்டு வந்தார்கள். வாய் கோணியிருந்தது, வலது கை விழுந்துவிட்டது. பேச்சில்லை.

"கடைசியா எப்போ நல்லா இருந்தாருண்ணே?" என்று அண்ணன் சேவியரிடம் கேட்டார்.

"ராத்திரி ஒம்பதுக்குக் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தாரு. விடிஞ்சி பாத்தா இப்பிடிக் கெடக்காரு."

மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அப்பா கடைசியாக நன்றாக இருந்து பத்து மணி நேரம் ஆகியிருந்தது. ஸ்கேனிலும் பாதிப்பு பரவியிருந்தது.

"ஏட்டி, மருந்து இங்கதானே இருக்கு? போடுட்டி!" என்று சேவியர் கெஞ்சினார்.

எனக்கும் தாங்கவில்லை. "நீங்க சரின்னு சொன்னா நான் போடுறேன்" என்றேன்.

மெர்லின் என்னைப் பார்த்தார். "வேற யாரோட அப்பாவா இருந்தா போடுவீங்களா?"

நாங்கள் ஊசி போடவில்லை. அப்பா இரண்டு வருடம் பேச்சின்றிப் படுக்கையில் கிடந்து இறந்தார். சேவியர் தங்கையோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மெர்லினை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரே, அந்த ஊசி போட்டிருந்தா அப்பா பேசியிருப்பாரா? உள்ளதச் சொல்லுங்க."

ஆறுதலாக எதையாவது சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன்; ஆனால் உள்ளதைத்தான் சொன்னேன். "உறுதியாத் தெரியாதுண்ணே. பலனைவிட, மூளையில ரத்தம் கசியத்தான் வாய்ப்பு அதிகம்."

"அவளும் இதத்தான் சொன்னா" என்றார். அப்படியே மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தெரியாததைத் தெரியாது என்று, அழுகிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. மெர்லினிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான். சொல்லும்போது என் குரல் நடுங்குகிறது. அவருக்கும் நடுங்கியிருக்கும். பக்கத்தில் நின்றும் நான் கவனிக்கவில்லை.