அண்ணி கேட்ட யோசனை

பட்டன் வைத்த நீலப் பிளாஸ்டிக் கவர் அது. அதை மடியில் வைத்துக்கொண்டு, பட்டனைத் திறப்பதும் மூடுவதுமாக அண்ணி உட்கார்ந்திருந்தார். அண்ணன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, கடலூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்.

"இங்க கடலூர் ஆபீசுல அவரு பாத்த வேலைய எனக்குத் தர்றாங்களாம். மனு குடுக்கணும். போவட்டுமா? நீ ஒரு யோசனை சொல்லும்மா."

அறிவுரை என்ற சொல்லை எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அது பாடப் புத்தகத்தோடு சரி. புத்தி சொல்வது சின்னவர்களுக்கு, தப்பு செய்தவர்களுக்கு. அட்வைஸ் என்பது பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வது: "அம்மா அட்வைஸ ஆரம்பிச்சிட்டாங்கப்பா." யோசனை மட்டும்தான் நாமாகக் கேட்டு வாங்குவது. அதையும் பெரும்பாலும் முடிவெடுத்த பிறகுதான் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு, "ஒரு யோசனை சொல்லுங்க மாமா" என்று வந்து நிற்பார்கள். அவரும், "நல்லா செய்ங்க" என்பார். உங்களை விட்டுவிட்டு எதுவும் செய்யவில்லை என்கிற மரியாதை அது.

இதெல்லாம் தெரிந்த நான், அன்று நிஜமாகவே யோசனை சொல்லிவிட்டேன்.

"வேணாம் அண்ணி. தெனம் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் அலைவீங்களா? புள்ள ஸ்கூல் விட்டு வந்தா வூட்ல யாரு இருக்கா?"

அண்ணி தலையாட்டினார். பட்டனை அழுத்தி மூடினார். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துப் போனில் பேசும்போது, மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"குடுக்கல. உன்னக் கேட்டேன், வேணான்ன. அவரு கூடப் பொறந்தவ நீ, ஒன் பேச்சத் தாண்டிப் போவ முடியுமா?"

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனு கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை சிதம்பரம் போனேன். பீரோவின் மேல் கிடந்த கவரைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த மனுவில் போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு, என் வீட்டுக்கு வந்ததற்கு முந்தின நாள் தேதி போட்டிருந்தது. அண்ணன் போனதிலிருந்து அண்ணிக்குப் புத்தி சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. அவரிடம் யோசனை கேட்டவர்கள்தான் யாரும் இல்லை.

"அண்ணி, நீங்க எனக்கு ஒரு யோசனை சொல்லணும். எங்க அண்ணி வேலைக்குப் போவலாமா, வேணாமா?"

என் கையிலிருந்த கவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு.

"உங்க அண்ணிக்கு என்ன கேடு? கடலூருலயே வூடு பாத்துக்கிட்டுப் போவச் சொல்லு. ஸ்கூல் விட்டா புள்ளைய நாத்தனா பாத்துக்குவாளான்னு மட்டும் கேட்டுக்க."

"பாத்துக்குவா."

அப்படித்தான் அந்தப் பிள்ளை தினமும் மாலையில் என் வீட்டில் வளர்ந்தாள். போன வாரம் அவள் வந்தாள். கையில் அதே நீலக் கவர். பட்டன் போய், ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"அத்தை, பெங்களூருல வேலை கெடச்சிருக்கு. போவட்டுமா? ஒரு யோசனை சொல்லுங்க."

தனியாக எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள் என்று சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்தது. கையை நீட்டிக் கவரை வாங்கி, ரப்பர் பேண்டைக் கழற்றினேன். உள்ளே, வேலைக்குச் சம்மதம் சொல்லும் தாளில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"எப்பக் கெளம்புற?" என்றேன்.